முன்சக்கரத்தின் அகலம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தி உருண்டையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் எழுத ஆரம்பிக்கிறேன், அப்படி இல்லாவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடு. இங்கே நானும் உன் அப்பாவும் நலம். நடுவில் கொஞ்ச நாள் பேசிக்கொள்ளாமல் நலமாக இருந்தோம், இப்போது பேசிக்கொண்டே நலமாக இருக்கிறோம். முந்தாநாள்தானே போனில் அவ்வளவு நேரம் பேசினோம், அதற்குள் என்ன கடிதம் என்று நினைப்பாய். நான் போனை எடுத்தாலே ‘ஸ்பீக்கர்ல போடு’ என்று உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். மெசேஜ் அனுப்பலாம் என்றால் என் போனுக்கு சார்ஜ் போடுகிறவரும் அவர்தான், அதைப் படிக்கிறவரும் அவர்தான். அதனால் வகுப்பில் பிள்ளைகள் பரீட்சை எழுத, நான் மேற்பார்வை என்ற பெயரில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். எவனாவது இந்த நேரம் பார்த்து காப்பி அடித்தால் அந்தப் பாவம் உன்னைத்தான் சேரும். உருண்டைக்குப் பல் முளைப்பதால் கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கிறாள் என்றாயே, நீயும் அப்படித்தான், உன் அப்பாவின் வேலைச் சட்டைப் பொத்தானைக் கடித்தே பிய்த்தவள். சுத்தமான ஈரத்துணியைச் சுருட்டிக் கொடு, ஈறுக்கு இதமாக இருக்கும். நீயும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டே சாப்பிடாதே, சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. மாப்பிள்ளைக்கு இருமல் விட்டுவிட்டதா, அதையும் எழுது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ போன தடவை வந்து போன பிறகு நம் வாசலில் ஒரு கூத்து நடந்துவிட்டது, அதை உனக்கு ஆதியோடு அந்தமாகச் சொல்லியாக வேண்டும். இந்த வருஷம் ஏழாம் வகுப்புக்கு மரங்களைப் பற்றிய பாடத்தைப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் தெருவில் நடத்தினேன். காரணம், மரம் என்ன தருகிறது என்று கேட்டால் நிழல், காற்று, காய், கனி என்று தூக்கத்தில் எழுப்பினாலும் ஒப்பிக்கிறார்கள், உன் வீட்டு வாசலில் நிற்பது என்ன மரம் என்று கேட்டால் ‘பச்சையா இருக்கும் டீச்சர்’ என்கிறார்கள். இது சரிப்படாது என்று குழு குழுவாகப் பிரித்து, பள்ளியைச் சுற்றியிருக்கும் தெருக்களைக் குழுவுக்கு ஒன்றாகக் கொடுத்து, கையில் டைலர் நாடாவையும் கொடுத்து அனுப்பினேன். மரத்தின் பெயர் என்ன, நெஞ்சு உயரத்தில் சுற்றளவு என்ன, ஆணி அடித்திருக்கிறார்களா, கம்பி கட்டி இறுக்கியிருக்கிறார்களா, அடிமரத்தை ஒட்டி சிமெண்ட் பூசியிருக்கிறார்களா, எல்லாம் பார்த்து வர வேண்டும். கூடவே கரும்பலகையில் சட்டமும் எழுதிப் போட்டேன். வாசல் யாருடையதாக இருந்தாலும் தெருவோர மரம் ஊருக்குச் சொந்தம், முதலில் வீட்டுக்காரரிடம் மரியாதையாகப் பேச வேண்டும், மாதக் கடைசிக்குள் சரிசெய்யாவிட்டால் நகராட்சியின் பூங்காப் பிரிவுக்கு மனு, மனுவில் குழுவில் இருக்கிறவர்களும் நானும் கையெழுத்துப் போடுவோம், இதில் எவருக்கும் விலக்கு இல்லை. அந்தக் கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு வேறு இழுத்தேன், என் கை சும்மா இருக்காமல்.

முதல் கேஸே நம் தலைமையாசிரியர்தான். பள்ளிக் கேட் பக்கத்து மரத்தில் ‘சேர்க்கை நடைபெறுகிறது’ என்று பலகை வைத்து அடித்திருந்தாரே, அதைப் பிள்ளைகள் போய்க் கேட்க, சிரித்த முகத்தோடு பல்லைக் கடித்துக்கொண்டு வாட்ச்மேனை விட்டு ஆணிகளைப் பிடுங்க வைத்தார். பிடுங்கியதை ஒரு கிண்ணத்தில் போட்டு வகுப்பு மேஜையில் வைத்திருக்கிறோம். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை, தலைமையாசிரியரையே வழிக்குக் கொண்டுவந்துவிட்ட மிதப்பில் வீட்டில் உன் அப்பாவிடம் அதை எத்தனை தடவை சொன்னேனோ. அவரும் ‘சபாஷ், விட்டுடாத’ என்று கைதட்டினார், பாவம்.

என் வகுப்பில் ஒருத்தி இருக்கிறாள், வக்கீல் என்று நாங்கள் செல்லமாகக் கூப்பிடுவோம், ரெட்டைப் பின்னலைத் தூக்கிப் பின்னால் போட்டாள் என்றால் வாதம் தொடங்கப் போகிறது என்று அர்த்தம். நம் தெருவை அவள் குழுவுக்குத்தான் கொடுத்தேன். நம் தெருவில் என்ன குறை இருந்துவிடப் போகிறது என்ற திமிர், வேறென்ன. நான் பின்சந்து வழியாகக் குறுக்கே நடந்து பள்ளிக்குப் போகிறவள், என் வீடு எது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. உனக்கும் ஒன்று தெரியாது. நீ ஊருக்குப் போன மறுமாதமே உன் அப்பா கொத்தனாரை வரவழைத்து நம் கேட்டிலிருந்து ரோடு வரைக்கும், வேர் மேடும் பள்ளமுமாக இருந்த அந்த இடம் முழுக்க கான்கிரீட் போட்டுவிட்டார். வாசலில் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தின் அடிமரத்தை ஒட்டி, கொஞ்சம்கூட மண் தெரியாமல், வழவழவென்று பூசி முடித்தாயிற்று. நீ அடுத்த தடவை வரும்போது பார்த்து அசர வேண்டும் என்று போனில் மூச்சுவிடக் கூடாது என்று எனக்கும் உத்தரவு. நானும் பெருக்குவதற்குச் சுலபமாக இருக்கிறதே என்று மெச்சிக்கொண்டேன். ஊர் மரத்துக்கெல்லாம் நாடா பிடித்த எனக்கு என் வாசல் மரம் கண்ணில் படவில்லை பார்.

ஒரு சனிக்கிழமை காலையில் நான் அடுப்படியில் கைவேலையாக இருந்தேன். வாசல் மணி அடித்தது, உன் அப்பா போய்க் கதவைத் திறந்தார். வந்தவர்கள் நான் சொல்லிக் கொடுத்தபடியே வணக்கம் சொல்லி, பள்ளியின் பெயரைச் சொல்லி, ‘சார், உங்க வாசல் மரத்துக்கு மூச்சு முட்டுதுங்க சார், தண்ணி உள்ள இறங்க வழியே இல்ல, ஒரு பக்கத்து இலையெல்லாம் மஞ்சளாயிடுச்சு பாருங்க’ என்றார்களாம். இவருக்கு வந்ததே கோபம். பஸ் டிப்போவில் முப்பது மெக்கானிக்குகளை மேய்த்த மனுஷனிடம், இடுப்பு உயரம் இருக்கிறதுகள் வந்து குற்றம் கண்டுபிடித்தால் எப்படி இருக்கும். ‘யாரு உங்க டீச்சரு? பசங்கள வீடு வீடா அனுப்பி வம்பு வளக்குறாங்களா? அவங்க வீட்டு அட்ரஸைக் குடுங்க, நான் நேர்ல போய்ப் பேசிக்கிறேன்’ என்று, வந்தது என் பிள்ளைகள் என்பதுகூட உறைக்காமல் கத்தியிருக்கிறார். சத்தம் கேட்டு என்னவோ ஏதோ என்று நான் கையில் கரண்டியோடு ஓடி வந்து அவர் பின்னால் நின்றேன். வக்கீல் என்னைப் பார்த்தாள், கரண்டியைப் பார்த்தாள், பின்னலைத் தூக்கிப் போடக்கூட மறந்துபோய் ‘டீச்சர், நீங்க இங்க என்ன பண்றீங்க’ என்று கேட்டாளே பார்க்கலாம். எதிர்வீட்டு டைலர் தைத்துக்கொண்டிருந்த மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. பிள்ளைகள் ஓடியே போய்விட்டார்கள், நாடாவைக்கூட மரத்தடியில் விட்டுவிட்டு.

அன்றைக்கு ஆரம்பித்தது மௌன விரதம். உன் அப்பா கோபித்துக்கொண்டால் எப்படி என்று உனக்குத்தான் தெரியுமே, சுவர்க் கடிகாரத்தோடு பேசுவார். ‘டீ போட்டாச்சான்னு கேளு’ என்று அதனிடம் கேட்பார், ‘ஆறிப்போவுதுன்னு சொல்லு’ என்று நானும் அதனிடமே சொல்லுவேன். நீ போன் பண்ணும்போது மட்டும் இரண்டு பேரும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துப் பேசிவிட்டு, வைத்ததும் பழையபடி அவரவர் மூலைக்குப் போய்விடுவோம். எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, உள்ளுக்குள் பயமாகவும் இருந்தது. ஏனென்றால் திங்கட்கிழமை வகுப்புக்குப் போனபோது எந்தப் பிள்ளையும் என் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. மற்ற குழுக்கள் எல்லாம் வந்து தங்கள் தெரு விவரத்தைச் சொன்னார்கள், வக்கீல் குழு மட்டும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் அந்தக் குழுவில் இருக்கும் அமைதியான பையன் எழுந்து, ‘டீச்சர் வீடுதானே டீச்சர், நாங்க அத விட்டுட்டோம்’ என்றான். எனக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் சொன்னான். யோசித்துப் பார் கண்ணு, ஒரு வருஷம் முழுக்க நான் தொண்டை கிழியக் கத்தினாலும் அதெல்லாம் காற்றோடு போய்விடும், வேண்டியவர்கள் வீடென்றால் விட்டுவிடலாம் என்பது மட்டும் அவர்கள் மனதில் நின்றுவிடும். விலக்கு இல்லை என்ற வரிக்கு அடியில் நான் இழுத்த இரண்டு கோடும் கரும்பலகையில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. விட வேண்டாம், மாதக் கடைசி வரை தவணை இருக்கிறது, சரியாகாவிட்டால் மனுவை எழுதிக்கொண்டு வாருங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது வீறாப்பாகத்தான் இருந்தது, வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் உன் அத்தையின் நினைப்பு வந்தது. கட்டின புருஷன் மேல் நகராட்சியில் மனுக் கொடுத்த மகராசி என்று காலத்துக்கும் சொல்லிக் காட்டுவாளே.

இரண்டு மூன்று தரம் நயமாகச் சொல்லிப் பார்த்தேன், கடிகாரம்தான் கேட்டுக்கொண்டது. அப்புறம் ஒரு சாயங்காலம், துவைத்துக் காய்ந்த பெரிய படுக்கை விரிப்பை மடிக்க வேண்டியிருந்தது, அதற்கு இரண்டு பேர் வேண்டும் இல்லையா, கோபத்துக்கு நடுவிலும் வந்து எதிர்முனையைப் பிடித்தார். நான் கையை உயர்த்தி உதறினேன், அவர் பக்கம் வலது முனை மட்டும் தொங்கியே இருந்தது. ‘கொஞ்சம் தூக்கித்தான் பிடிங்களேன், கோவத்த துணி மேல காட்டணுமா’ என்றேன். அவர் இடது கையை மட்டும் தூக்கினார். ‘அவ்வளவுதான் வருது’ என்றார், என்னைப் பார்த்தேதான் சொன்னார், கடிகாரத்தைப் பார்த்து இல்லை. அதற்குப் பிறகுதான் எல்லாம் வந்தது. அவருக்கு வலது தோள் இறுகிப்போய் நெஞ்சு உயரத்துக்கு மேல் கை போவதில்லையாம், எனக்குத் தெரியாமலே வைத்திருந்திருக்கிறார். போன தடவை நீங்கள் வந்து இறங்கிய அன்று உனக்கு நினைவிருக்கிறதா, மாப்பிள்ளை பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார், நீ உருண்டையை வண்டியில் வைத்துத் தள்ளி வந்தாய், கேட் முன்னால் வேரில் முன்சக்கரம் மாட்டிக்கொண்டது. ‘அப்பா, கொஞ்சம் தூக்குங்க’ என்றாய். இவர் குனிந்து பிடித்துப் பார்த்தார், தோள் இடம் கொடுக்கவில்லை. கேட் தாழ்ப்பாளில் ஏதோ கோளாறு போல அதைப் போட்டு ஆட்டிக்கொண்டு நின்றுவிட்டார். டைலர்தான் ஓடி வந்து வண்டியைக் குழந்தையோடு அலாக்காகத் தூக்கி உள்ளே வைத்தார். நீ கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை, பேத்தியைப் பார்க்கிற அவசரம் நமக்கு. ‘என் பேத்தி என் வீட்டுக்கு வரப்ப எதிர்வீட்டுக்காரன் தூக்கி உள்ள விடணுமா? அடுத்த தடவை யாரையும் கூப்பிடாம நானே தள்ளிக்கிட்டு வரணும்னுதான் அதப் போட்டேன், மரத்து மேல எனக்கென்ன பகையா’ என்றார். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே தட்டுமுட்டுச் சாமானைப் புழங்கிக்கொண்டு, அவர் கை எதுவரைக்கும் எழும்புகிறது என்று எனக்குத் தெரியவில்லையே என்று அந்த விரிப்பிலேயே மூக்கைச் சிந்தினேன். மறுபடி துவைக்க வேண்டியதாயிற்று, அதற்கும் திட்டினார்.

தோள் விஷயத்தைப் பிள்ளைகளிடம் நான் சொல்லவில்லை, அது அவர் விஷயம். மறுநாள் கரும்பலகைக்கு முன்னால் நின்று, நம் சட்டத்தில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது என்று மட்டும் சொல்லி, மரியாதையாகப் பேச வேண்டும் என்ற வரிக்கு முன்னால், ஏன் அப்படிச் செய்தார்கள் என்று முதலில் கேட்க வேண்டும் என்று எழுதினேன். வக்கீல் எழுந்து, காரணம் நல்லதாக இருந்தால் மரத்தை விட்டுவிடலாமா என்று மடக்கினாள். விட முடியாது, ஆனால் காரணம் தெரிந்தால் வேறு வழி தேடலாம் என்றேன். சரி என்பதுபோல் பின்னலைத் தூக்கிப் போட்டாள். அந்த வாரமே அந்தக் குழு மறுபடி நம் வீட்டு மணியை அடித்தது, நான் வேண்டுமென்றே அடுப்படியை விட்டு வரவில்லை, காதை மட்டும் அனுப்பி வைத்தேன். ‘சார், இது ஏன் போட்டீங்கன்னு அன்னைக்கு நாங்க கேக்கல, இன்னைக்குக் கேக்க வந்திருக்கோம்’ என்றாள் வக்கீல். உன் அப்பா, ‘என் பேத்தி வண்டி வேர்ல மாட்டுது’ என்றார், அவ்வளவுதான் சொன்னார். பிள்ளைகளுக்கு அது போதுமாக இருந்தது. ஆளுக்கு ஒரு யோசனை, பலகை போடலாம், மண்ணைக் கொட்டலாம், வண்டிக்கு இறக்கை கட்டலாம் என்று ஒருத்தன். உன் அப்பா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ‘சும்மா இருங்கடா, கொஞ்சம் யோசிக்க விடுங்க’ என்று சாக்பீஸை வாங்கிக்கொண்டு அந்த கான்கிரீட் மேலேயே உட்கார்ந்து வரைய ஆரம்பித்துவிட்டார். வேருக்கு மேலே தொடாமல் தாண்டிப் போகிற மாதிரி ஒரு சின்ன இரும்புப் பாலம், நடக்கிற இடம் கம்பி கம்பியாக, மழைத்தண்ணி ஒழுகிக் கீழே மண்ணுக்குப் போகும். கால்களில் திருகு வைத்து, வேர் வருஷா வருஷம் பருக்கப் பருக்க உயர்த்திக்கொள்ளலாம், பஸ்ஸை ஜாக்கி வைத்துத் தூக்குவது போல. நான் எட்டிப் பார்த்தபோது எல்லாத் தலைகளும் ஒன்றாகக் குனிந்திருந்தன, எது அவர் தலை என்று வழுக்கையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

மாதக் கடைசிக்கு முன்னாலேயே கான்கிரீட்டை உடைத்தாகிவிட்டது. போட்ட கொத்தனாரையே கூப்பிட்டோம், ‘ஒங்க வீட்டுல மட்டுந்தாம்மா போடவும் கூப்புடுறீங்க, ஒடைக்கவும் கூப்புடுறீங்க’ என்று தலையில் அடித்துக்கொண்டு வேலையைப் பார்த்தார். பிள்ளைகள் சல்லியை வாளியில் வாரிப் போட்டார்கள், உன் அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லாரையும் விரட்டினார், டிப்போ திரும்பி வந்துவிட்டது என்று வைத்துக்கொள். நாங்கள் கூப்பிட்டதன் பேரில் பூங்காப் பிரிவிலிருந்து ஒரு அதிகாரி அம்மா வந்து அடிமரத்தைத் தட்டிப் பார்த்து, பட்டை ஓரிடத்தில் ஊறிப்போயிருக்கிறது, மண்ணைத் தளர்த்தி விடுங்கள், பிழைத்துக்கொள்ளும் என்றுதான் தோன்றுகிறது, அடுத்த மழைக்கு அப்புறம்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார். மஞ்சள் இலைகள் இன்னும் உதிர்ந்துகொண்டுதான் இருக்கின்றன, நானும் பழையபடி குனிந்து நிமிர்ந்து பெருக்கிக்கொண்டுதான் இருக்கிறேன். வக்கீல் குழு கையில் இருந்த மனுவுக்கு வேலை இல்லாமல் போயிற்று, ஆனாலும் எழுதிய மனுவை வீணாக்கக் கூடாது என்று வக்கீல் என்னிடம் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறாள். இவள் உருப்படுவாள். உன் அப்பாவின் தோளுக்கும் டாக்டரைப் பார்த்தாகிவிட்டது. தினமும் சுவரில் விரல்களை ஊன்றி மெல்ல மேலே நடத்த வேண்டுமாம், கடிகாரத்துக்குக் கீழேதான் நின்று செய்கிறார், எட்டிய இடத்தில் நான் பென்சிலால் கோடு போடுகிறேன். நீ சின்னப் பிள்ளையாக வளர வளர உனக்குக் கோடு போட்ட அதே சுவர்தான்.

இப்போது உன்னால் ஆக வேண்டிய காரியத்தைச் சொல்கிறேன். பாலம் டிப்போ நண்பரின் பட்டறையில் பாதியில் நிற்கிறது. கால் வைத்தாகிவிட்டது, சுற்றிலும் இரும்புச் சட்டம் வைத்தாகிவிட்டது, மேலே கம்பிகளை எவ்வளவு இடைவெளி விட்டுப் பற்றவைப்பது என்பதில்தான் நிற்கிறது. இடைவெளி அதிகமானால் உருண்டையின் வண்டிச் சக்கரம் நடுவில் இறங்கி மாட்டிக்கொள்ளும், குறைத்தால் இலை அடைத்துக்கொண்டு தண்ணீர் இறங்காது. உன் அப்பா உன்னிடம் நேராகக் கேட்கலாம்தான், கேட்டால் எதற்கு என்பாய், எதற்கு என்றால் தாழ்ப்பாள் வரைக்கும் கதை போகும், அதற்கு அவர் தயாராக இல்லை. நேற்று காலையில்கூட நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு, ‘அந்த வண்டிச் சக்கரம் எத்தன அகலம் இருக்கும்னு யாருக்காச்சும் தெரியுமா’ என்று கடிகாரத்தைக் கேட்டார். அதனால் நீ முன்சக்கரத்தின் அகலத்தை அளந்து வெறும் எண்ணை மட்டும் எனக்கு மெசேஜில் அனுப்பு. பின்சக்கரம் பெரிது, அது வேண்டாம், முன்சக்கரம். என்ன இது என்று அவர் கேட்டால் பேத்தி கவுனுக்குக் கழுத்துப் பட்டி அளவு என்று சொல்லிக்கொள்கிறேன். அவர் நம்ப மாட்டார், ஆனால் குறித்துக்கொண்டு நேராகப் பட்டறைக்குத்தான் போவார்.

லீவுக்கு நீங்கள் வரும் அன்று வாசலில் இறங்கியதும் மாப்பிள்ளை பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளட்டும். உனக்குத் தோள் கதை தெரியும் என்பது உன் முகத்தில் தெரியக் கூடாது. டைலரிடமும் சொல்லி வைத்துவிட்டேன், அன்றைக்கு அவருக்கு மெஷினை விட்டு எழுந்திருக்க முடியாத அளவுக்கு அவசரத் தையல் இருக்கும். நீ வண்டியின் கைப்பிடியை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, எனக்குத் தாகமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிடு. பின்னால் சக்கரம் கம்பி மேல் கடகடவென்று உருளும் சத்தம் கேட்கும், கேட்டாலும் ஓடிப் போய்ப் பிடிக்காதே, திரும்பியும் பார்க்காதே, அவர் அவளை உள்ளே கூட்டிக்கொண்டு வரட்டும்.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசிக்கொண்டு நிறைவாக இருக்க வேண்டும், அதுதான் அம்மாவின் ஆசி. உருண்டைக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம், ஒன்று என்னுடையது, இன்னொன்று கடிகாரத்திடம் ஒருவர் சொல்லி அனுப்பியது. மணி அடிக்கப் போகிறது, விடைத்தாள்களை வாங்க வேண்டும். முன்சக்கரம், மறந்துவிடாதே.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா